எவரெஸ்ட் பேஸ் கேம்ப், லாட்ஜ்ல தங்கி போறதுக்கு 13 நாள் போதுமா? வீட்டுக்காரருக்கு 51 வயசு, லேசா பிபி

திருப்பூர்_செல்வி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் மொத தடவையா எழுதறேன். வர்ற அக்டோபர்ல நானும் (45) வீட்டுக்காரரும் (51) என்ற தங்கச்சியும் (38) எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போலாம்னு இருக்கறோம். டென்ட் எல்லாம் தூக்க வேண்டாம், வழி பூரா லாட்ஜ் இருக்குது, சாப்பாடு படுக்கை எல்லாம் அங்கயே கெடைக்கும்னு தெரிஞ்சதுக்கப்பறம்தான் நம்மளாலயும் முடியும்னு ஒரு தைரியமே வந்துச்சு. வெள்ளியங்கிரி ஆறு தடவ ஏறியிருக்கறோம், பர்வதமலை சதுரகிரி போயிருக்கறோம், ரெண்டு வருசம் முன்னாடி கேதார்நாத் நடந்தே போயிட்டு வந்தோம், மூணு பேருக்கும் தலைவலி கூட வரல.

லீவு 13 நாள்தான் கெடைக்கும், சென்னைல ஏறி சென்னைல எறங்கற வரைக்கும். ஒரு ஏஜென்சி அதுக்குள்ள முடிச்சுத் தர்றோம்னு பிளான் அனுப்பியிருக்காங்க: மொத நாள் காட்மாண்டு, ரெண்டாவது நாள் லுக்லா போய் பாக்டிங், அப்பறம் நாம்சே, நாம்சேல ஒரு நாள் ரெஸ்ட், டெங்போச்சே, டிங்போச்சே, லொபுச்சே, கோரக் ஷெப் போய் அன்னைக்கே பேஸ் கேம்ப், அடுத்த நாள் காலைல காலா பத்தர் பாத்துட்டு பெரிச்சே, நாம்சே, லுக்லா, காட்மாண்டு, சென்னை. எண்ணிப் பாத்தா சரியா 13 வருது.

எனக்கு தெரிய வேண்டியது, இந்த பிளான் சரியா இருக்குதா, லாட்ஜ்ல கக்கூஸ் குளியல் எல்லாம் எப்படி இருக்கும், நாங்க சைவம் எங்களுக்கு என்ன கெடைக்கும், போர்ட்டர் வெக்கறதா வேண்டாமா. வீட்டுக்காரருக்கு பிபிக்கு ஒரு மாத்திரை ஓடுது, கண்ட்ரோல்ல இருக்குது. அவருக்கு இது சின்ன வயசுல இருந்தே ஆசைங்க, பள்ளிக்கூடத்துல டென்சிங் பாடம் படிச்சதுல இருந்துன்னு சொல்லுவாரு. எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிடணும்னு இருக்கறேன்.


மலைக்காத்து_மதுரை:

செல்வி அக்கா, வணக்கம். நான் அந்தப் பாதைல ரெண்டு தடவை போயிருக்கேன், ஒரு தடவை ஏப்ரல், ஒரு தடவை அக்டோபர். மொதல்ல நேரடியாவே சொல்லிடறேன், இந்த 13 நாள் பிளானை அப்படியே எடுத்துக்காதீங்க. ரெண்டு எடத்துல தப்பு இருக்கு.

ஒண்ணு, டிங்போச்சேல ரெஸ்ட் நாள் இல்ல. உயரத்தை பாருங்க, நாம்சே 3440 மீட்டர், டெங்போச்சே 3860, டிங்போச்சே 4410, லொபுச்சே 4940, கோரக் ஷெப் 5164. 3000 மீட்டருக்கு மேல போயிட்டா தினமும் தூங்கற உயரம் 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை ஒரே ஊர்ல ரெண்டு ராத்திரி தங்கணும், இதுதான் மலை மருத்துவம் படிச்சவங்க எல்லாரும் சொல்ற கணக்கு. உங்க பிளான்ல நாம்சேல இருந்து லொபுச்சேக்கு மூணே நாள்ல 1500 மீட்டர் ஏத்தறாங்க நடுவுல நிப்பாட்டவே இல்ல. ரெஸ்ட் நாள்னா கட்டில்ல படுத்துக்கிட்டு இருக்கறதில்ல, பகல்ல ஒரு 400, 500 மீட்டர் மேல ஏறிட்டு திரும்ப கீழ அதே லாட்ஜ்ல வந்து தூங்கணும். நாம்சேல இருந்து எவரெஸ்ட் வியூ ஹோட்டல் (3880) வரைக்கும் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரலாம், அங்க இருந்துதான் மொத தடவையா எவரெஸ்டும் லோட்சேயும் அமா டாப்லமும் ஒண்ணா நல்லா தெரியும். டிங்போச்சேல ஊருக்குப் பின்னாடியே ஒரு மலை இருக்கு, 5000 வரைக்கும் ஏறலாம், முடிஞ்ச வரைக்கும் போயிட்டு எறங்குங்க.

கேதார்நாத்ல ஒண்ணும் ஆகலன்னு சொன்னீங்க, நல்ல விஷயம்தான், ஆனா கேதார்நாத் 3580 சொச்சம், அங்க ஒரு ராத்திரி தங்கியிருப்பீங்க. இங்க அதுக்கும் மேல அஞ்சாறு ராத்திரி தூங்கணும். லுக்லால விமானம் எறங்கற எடமே நம்ம தொட்டபெட்டா உச்சியை விட 200 மீட்டர் ஒசரம். அதனால வெள்ளியங்கிரி ஏறின காலுக்கு இது கஷ்டமே இல்ல, கால் விஷயமே இல்ல இது, மூச்சும் ரத்தமும் பழகறதுக்கு நாள் குடுக்கணும் அவ்வளவுதான்.

ரெண்டாவது தப்பு லுக்லா விமானம். அந்த ரன்வே 527 மீட்டர்தான், மலைச்சரிவுல சாய்வா இருக்கும், மேகம் வந்தா விமானம் எறங்காது. நான் ஏப்ரல்ல போனப்ப வரும்போது ரெண்டு நாள் லுக்லால மாட்டிக்கிட்டேன், தினமும் காலைல அஞ்சு மணிக்கு பையை கட்டிக்கிட்டு போய் உக்காந்து மத்தியானம் லாட்ஜுக்கே திரும்பினோம். இன்னொண்ணு, அக்டோபர் மாதிரி சீசன்ல பெரும்பாலான விமானம் காட்மாண்டுல இருந்து கெளம்பாது, ராமேச்சாப்ல (மந்தலி) இருந்துதான் போகும், அதுக்கு ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கு வண்டி ஏறி நாலஞ்சு மணி நேரம் வளைஞ்சு வளைஞ்சு போகணும். மொத நாள் சென்னைல இருந்து வந்து எறங்கி அன்னைக்கு ராத்திரியே தூங்காம அந்த ரோட்டுல போய் மறுநாள் நடக்கறதுன்னா ஆரம்பமே அலுப்பா இருக்கும்.

என் கணக்கு: காட்மாண்டுல ஒரு நாள் கூட, டிங்போச்சேல ஒரு நாள் கூட, கடைசில விமானத்துக்குன்னு ரெண்டு நாள் கையில. மொத்தம் 17. விமானம் நேரத்துக்கு கெளம்பிருச்சுன்னா அந்த ரெண்டு நாள்ல பசுபதிநாதர் கோவில், பக்தபூர்னு நிதானமா பாக்கலாம், வீணாப் போகாது.


நாஞ்சில்_நீலா:

அக்கா நான் லாட்ஜ் விஷயம் சொல்றேன், ஏன்னா ஆம்பளைங்க எழுதறதுல இதெல்லாம் வரவே வராது, நான் போறதுக்கு முன்னாடி தேடித் தேடி அலுத்துட்டேன்.

ரூம் எல்லாம் பலகைச் சுவருதான், பக்கத்து ரூம்ல இருமினா நம்ம காதுல இருமற மாதிரி கேக்கும். ரெண்டு கட்டில், மெத்தை, தலையணை, ஒரு கனமான ரஜாய் (பஞ்சுப் போர்வை). ரூமுக்குள்ள ஹீட்டர் கிடையாது. சூடு இருக்கறது சாப்பாட்டு ஹால்ல மட்டும்தான், நடுவுல ஒரு இரும்பு அடுப்பு, சாயங்காலம் பத்த வெப்பாங்க, மரமே இல்லாத உயரத்துல காஞ்ச யாக் சாணிதான் எரிப்பாங்க. எல்லாரும் அதைச் சுத்திதான் உக்காந்து சாக்ஸ் காயப் போட்டு கதை பேசிட்டு இருப்பாங்க. ரூம் வாடகை கம்மிதான், ஆனா ராத்திரி சாப்பாடும் காலைச் சாப்பாடும் அந்த லாட்ஜ்லயேதான் சாப்பிடணும், அதுலதான் அவங்களுக்கு வருமானம், வெளிய போய் சாப்பிட்டா ஒண்ணு கோவப்படுவாங்க இல்லன்னா வாடகையை ஏத்திருவாங்க.

கக்கூஸ்: நாம்சே வரைக்கும் நல்லாவே இருக்கும், சில எடத்துல ரூமோட சேர்ந்தே கெடைக்கும். டிங்போச்சேக்கு மேல பொதுவானதுதான், டிரம்ல தண்ணி வெச்சிருப்பாங்க, காலைல மேல ஐஸ் கட்டியிருக்கும், கீழயும் தண்ணி உறைஞ்சு வழுக்கும், ராத்திரி போகும்போது ஹெட்லைட்டும் நல்ல செருப்பும் முக்கியம். டிஷ்யூ, ஈரத் துடைப்பான் நாமதான் கொண்டு போகணும். குளியலுக்கு தனிக் காசு, கேஸ் ஹீட்டர்ல சுடுதண்ணி வரும். நான் நாம்சேல குளிச்சது, அப்பறம் திரும்ப நாம்சே வந்துதான் குளிச்சேன், நடுவுல தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட குளிர்ல இருந்தா அதுவே காய்ச்சல்ல விட்டுரும். மாதவிடாய் தேதி தள்ளிப்போயோ முன்னாடியோ வரலாம், அந்த உயரத்துல நெறைய பேருக்கு மாறுது, அதனால உங்களுக்கும் தங்கச்சிக்கும் தேவையானதை எப்படியும் எடுத்து வெச்சிருங்க, மேல கடைல தேட முடியாது. பயன்படுத்தினதை தனிக் கவர்ல போட்டு நாம்சேக்கு எறக்கிட்டு வாங்க, மேலயே போட்டுட்டு வராதீங்க.

சைவத்துக்கு கவலையே வேண்டாம், சொல்லப்போனா அங்க சைவம்தான் பத்திரம். அந்தப் பகுதில உயிரை வெட்டக்கூடாதுங்கறது ஷெர்பாக்களோட கட்டுப்பாடு, கறி எல்லாம் கீழ இருந்து நாள்கணக்கா சுமந்துதான் வருது, அதனால நாம்சேக்கு மேல கறி சாப்பிடறவங்களே விட்டுருவாங்க. தால் பாத்னு சோறு பருப்பு ஒரு காய்கறி ஊறுகாய், கேக்கக் கேக்க மறுபடி போடுவாங்க. உருளைக்கிழங்கு, ஷெர்பா ஸ்டூ, பூண்டு சூப், திபெத் ரொட்டி, மோமோ. நாங்க பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டு போயிருந்தோம், ஒம்பதாவது நாள் வாய்க்கு எதுவுமே புடிக்காம போனப்ப அந்தப் புளிக்காய்ச்சல்தான் என்னை சாப்பிட வெச்சுது. உயரத்துல பசியே எடுக்காது, கட்டாயப்படுத்தித்தான் சாப்பிடணும்.

காசு விஷயம், நம்ம 100 ரூபா அங்க 160. மேல போகப் போக எல்லாமே ஏறும், ஏன்னா அந்த ஒரு மூட்டை அரிசியும் ஆள் முதுகுலயோ யாக் முதுகுலயோதான் வருது, அதனால வெலை பேசி குறைக்காதீங்க அக்கா. போன் சார்ஜ் பண்ண, வைஃபை, சுடுதண்ணி எல்லாத்துக்கும் தனித்தனி காசு. ஏடிஎம் நாம்சேதான் கடைசி, அதுவும் சில நாள் வேலை செய்யாது, காட்மாண்டுலயே எடுத்துருங்க.


ஊசிமருந்து_தஞ்சை:

வணக்கம் அம்மா. நான் டாக்டர், மயக்கவியல். உங்க வீட்டுக்காரரைப் பாக்காம அவருக்குன்னு எதுவும் சொல்ல மாட்டேன், பொதுவா சில விஷயம் மட்டும்.

பிபி கட்டுப்பாட்டுல இருக்கறவங்க மலைக்கு போகவே கூடாதுன்னு இல்ல. ஆனா போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அவரோட டாக்டர்கிட்ட எத்தனை மீட்டர், எத்தனை நாள்னு சொல்லி, இசிஜி, டிரெட்மில் டெஸ்ட் பாத்துருங்க. உயரத்துல பிபி கொஞ்சம் ஏறும், மாத்திரையை நிறுத்தவே கூடாது. உயர நோய் வராம இருக்க டயமாக்ஸ் (அசெட்டசோலமைட்) முன்கூட்டியே எடுத்துக்கறதுன்னா வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ஏறறதுக்கு முந்தின நாளே ஆரம்பிக்கணும். விரல் நுனி மரத்த மாதிரி இருக்கும், சிறுநீர் அதிகம் போகும், பயப்பட வேண்டாம். ஸல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது. அவரோட பிபி மாத்திரையிலயே நீர் பிரியற மருந்து கலந்திருந்தா அதையும் கேட்டுக்குங்க. தூக்க மாத்திரை, மது ரெண்டும் வேண்டாம்.

ரொம்ப முக்கியமானது இது. தலைவலி, வாந்தி உணர்வு, பசியின்மை, தூக்கமின்மை வந்தா அதே ஊர்ல இருங்க, மேல ஏறாதீங்க. ஒரு நாள்ல சரியாகலன்னா கீழ எறங்குங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குதுன்னாலோ, பேச்சு குழறுதுன்னாலோ, தரைல ஒரு கோட்டு மேல குதிகாலும் விரலும் ஒட்டி நேரா நடக்க முடியலன்னாலோ, ராத்திரின்னு பாக்காம அந்த நிமிஷமே எறங்கணும். நுரையீரல்லயோ மூளையிலயோ நீர் கோத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். விடியட்டும்னு காத்திருந்துதான் பலபேர் உயிர் போகுது.

பெரிச்சேல ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தற சின்ன மருத்துவ நிலையம் 1973ல இருந்து இருக்கு. சீசன்ல தினமும் மத்தியானம் உயர நோய் பத்தி டாக்டர்களே இலவசமா பேசுவாங்க. டிங்போச்சேல ரெஸ்ட் நாள் வெச்சா கூட பக்கத்துல குன்றைத் தாண்டி போய் கேட்டுட்டு வரலாம்.


சேலத்தான்_77:

டாக்டர் சொன்னதை கண்ணால பாத்தவன் நான், அதனால எழுதறேன். 2018 அக்டோபர், நானும் என் மச்சானும் இன்னும் ரெண்டு பேரும். இதே மாதிரி ஒரு அவசர பிளான்தான், டிங்போச்சேல ரெஸ்ட் இல்ல. மச்சான் 34 வயசு, தினமும் ஜிம், எங்க நாலு பேர்ல அவன்தான் முன்னாடி நடப்பான். டிங்போச்சேலயே அவனுக்கு தலைவலி ஆரம்பிச்சிருக்கு, தன்னால பிளான் கெட்டுப்போகக் கூடாதுன்னு யார்கிட்டயும் சொல்லல. மறுநாள் லொபுச்சே போனோம். சாயங்காலம் சாப்பிடல, களைப்புன்னு நெனச்சோம். ராத்திரி ஒம்பது மணிக்கு ஷூ கயிறு கட்ட முயற்சி பண்ணிக்கிட்டே இருந்தான், கட்ட வரல, என்னடான்னு கேட்டா சம்பந்தமே இல்லாம வீட்டு மாடியைப் பத்தி பேசறான்.

எங்க கைடு காலைல பாக்கலாம்னு சொன்னாரு. அந்த லாட்ஜ் நடத்தின தீதி (அங்க அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாங்க) வந்து ஒரு தடவை அவன் மூஞ்சியைப் பாத்தாங்க, எழுந்து நடக்கச் சொன்னாங்க, அவன் சுவரைப் புடிச்சுக்கிட்டான். அவ்வளவுதான், அவங்களே சமையல் கட்டுல தூங்கிட்டிருந்த ரெண்டு போர்ட்டர் பசங்களை எழுப்பி, பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி, இப்பவே பெரிச்சேக்கு கொண்டு போங்கன்னு அனுப்பிட்டாங்க. துக்லா மேட்டுல எவரெஸ்ட்ல செத்தவங்களுக்கு கட்டின நினைவுக் கல்லுங்க வரிசையா இருக்கும், பாபு சிரி ஷெர்பாவுக்கு கூட அங்கதான் இருக்கு, நடு ராத்திரில அந்தக் கல்லுங்களுக்கு நடுவுல மச்சானை ரெண்டு பக்கமும் தாங்கிக்கிட்டு எறங்கினது இன்னைக்கும் கனவுல வரும். 4940ல இருந்து 4370க்கு, அந்த 570 மீட்டர் எறக்கத்துலயே அவன் பேச்சு கொஞ்சம் தெளிஞ்சுது. பெரிச்சேல டாக்டர் கதவைத் தொறந்து ஆக்ஸிஜன் வெச்சு ஊசி போட்டாங்க. மூளைல நீர் கோத்திருக்குன்னு சொன்னாங்க. விடிஞ்சதும் ஹெலிகாப்டர்ல காட்மாண்டு. இப்ப நல்லா இருக்கான், ரெண்டு புள்ளைங்க.

இன்சூரன்ஸ் எடுத்திருந்தோம், ஆனா 4000 மீட்டருக்கு மேல செல்லாதுன்னு உள்ள எங்கயோ பொடி எழுத்துல போட்டிருந்துச்சு, மொத்தக் காசும் கையில இருந்துதான் கட்டினோம். அதனால அக்கா, 6000 மீட்டர் வரைக்கும் நடைப்பயணத்துக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் செல்லும்னு எழுத்துல வாங்காம பணம் கட்டாதீங்க. இன்னொரு பக்கம், சாதாரண தலைவலிக்கே ஹெலிகாப்டர் ஏத்திவிட்டு இன்சூரன்ஸ்ல காசு பாக்கற மோசடி நடந்து 2018லயே நேபாள அரசு விசாரிச்சுது, அதனால யாராவது ஹெலிகாப்டர்தான் வழின்னு அவசரப்படுத்தினா, நடந்து எறங்க முடியுமான்னு மொதல்ல கேளுங்க.

தலைவலியை மறைக்காதீங்க. உங்க மூணு பேருக்குள்ள இப்பவே பேசி வெச்சுக்குங்க, யாருக்கு வந்தாலும் மூணு பேரும் நிக்கணும்னு.


திருப்பூர்_செல்வி:

சேலம் அண்ணா, படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடலைங்க. வீட்டுக்காரருக்கும் படிச்சு காட்டினேன், அவரு ஒண்ணும் பேசல, அப்பறம் ராத்திரி அவராவே "எனக்கும் தலைவலி வந்திருந்தா உங்கிட்ட சொல்லியிருக்க மாட்டேன்"னாரு. அந்த ஒரு வார்த்தைக்கே இங்க கேட்டது நல்லதாப் போச்சு.

17 நாள் லீவு இந்த வருசம் கண்டிப்பா கெடைக்காதுங்க, தங்கச்சிக்கு கம்பெனில ஷிப்மென்ட் நேரம். அடுத்த வருசம் மூணு பேரும் முன்னாடியே சொல்லி வெச்சா வாங்கலாம். இந்த வருசம் 13 நாள்ல லாட்ஜ்ல தங்கி போற மாதிரி வேற ஏதாவது இருக்குதுங்களா, விமானத்துக்கு காத்துக் கெடக்காத மாதிரி? வீட்டுக்காரருக்கும் உயரம் எப்படி ஒத்துக்குதுன்னு பாத்த மாதிரி இருக்கும்.


மலைக்காத்து_மதுரை:

இருக்கு அக்கா, லாங்டாங் பள்ளத்தாக்கு. காட்மாண்டுல இருந்து பஸ் இல்லன்னா ஜீப்ல ஸ்யாப்ருபேசிங்கற ஊர் வரைக்கும், ஏழெட்டு மணி நேரம், ரோடு மோசம் ஆனா லுக்லா விமானம் மாதிரி நாள்கணக்கா காக்க வெக்காது. அங்க இருந்து ஆத்தோரமா காட்டுக்குள்ள நடந்து லாமா ஹோட்டல்னு ஒரு எடம் (2400 கிட்ட). இங்க எல்லாரும் பண்ற தப்பு, மறுநாளே லாங்டாங் ஊர் வரைக்கும் (3430) போறது, ஒரே நாள்ல 1000 மீட்டர். நீங்க நடுவுல கோடா தபேலால (3000) ஒரு ராத்திரி நின்னுருங்க. அப்பறம் லாங்டாங், அப்பறம் கியாஞ்சின் கோம்பா (3870), அங்க மூணு ராத்திரி. பகல்ல கியாஞ்சின் ரி (4770) ஏறிட்டு எறங்கலாம், உடம்பு நல்லா இருந்தா அடுத்த நாள் செர்கோ ரி 5000 கிட்ட வரும். தூங்கறது 4000க்கு கீழ, தொடறது 5000 கிட்ட. திரும்ப ரெண்டு நாள் நடை. போக வர எல்லாம் சேத்து 13க்குள்ள அடங்கிரும், ஒரு நாள் மிச்சமும் இருக்கும்.

அந்த லாங்டாங் ஊரைப் பத்தி ஒரு வார்த்தை. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துல மேல இருந்து பனியும் பாறையும் சரிஞ்சு பழைய ஊர் மொத்தமா மூடிருச்சு, பாறைக்கு அடில ஒதுங்கியிருந்த ஒரே ஒரு வீடுதான் நின்னுச்சு. இப்ப நீங்க தங்கப் போற லாட்ஜ் எல்லாம் அதுக்கப்பறம் பொழச்சவங்க மறுபடி கட்டினது. அந்தக் கல்மேட்டைத் தாண்டித்தான் நடக்கணும், செத்தவங்க பேரு எழுதின நினைவிடம் இருக்கும், கொஞ்ச நேரம் நின்னுட்டு போங்க. அவசரமா கடந்து போயிடாம அந்த ஊர்ல ஒரு ராத்திரி தங்கி சாப்பிட்டு போறது அவங்களுக்கு நெஜமாவே உதவி. கியாஞ்சின்ல 1950கள்ல சுவிஸ் உதவியோட ஆரம்பிச்ச சீஸ் பண்ணை இன்னும் ஓடுது, வாங்கிப் பாருங்க.

போர்ட்டர் கேட்டிருந்தீங்க, மூணு பேருக்கும் சேத்து ஒருத்தர் போதாது, ரெண்டு பேரா வெச்சுக்குங்க. ஒருத்தருக்கு 20 கிலோ தாண்டாம கட்டுங்க, 30க்கு மேல ஏத்தறதே விதிப்படி தப்பு. அவருக்கு ஷூ, ஜாக்கெட், இன்சூரன்ஸ் இருக்கான்னு ஏஜென்சிகிட்ட கேட்டுட்டு முன்பணம் குடுங்க. அவரும் நம்மள மாதிரிதான், கீழ்நாட்டுல இருந்து வந்தவரா இருந்தா அவருக்கும் தலைவலி வரும்.


நாஞ்சில்_நீலா:

அக்கா, பாஸ்போர்ட் இல்லாதவங்க இருந்தா வாக்காளர் அட்டை ஒரிஜினல் எடுத்துக்குங்க, நமக்கு விசா வேண்டாம் ஆனா உங்க வயசுக்கு ஆதாரை வெச்சு விமானத்துல விட மாட்டாங்க. ஸ்லீப்பிங் பேக், டவுன் ஜாக்கெட் எல்லாம் வாங்கி காசை வீணாக்காதீங்க, காட்மாண்டு தமேல்ல வாடகைக்கு கெடைக்கும். ஷூ மட்டும் இங்கயே வாங்கி ரெண்டு மாசம் போட்டு பழக்கிருங்க.


திருப்பூர்_செல்வி:

லாங்டாங்கே போறோம்ங்க, முடிவு பண்ணியாச்சு. ஏஜென்சிக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன், முன்பணம் நல்லவேளை குடுக்கல. திங்கக்கிழமை வீட்டுக்காரருக்கு டிரெட்மில் டெஸ்டுக்கு நேரம் வாங்கியிருக்கறேன். நீலா, அந்தப் புளிக்காய்ச்சல் பத்து நாளைக்கு கெடாம இருக்க எப்படி கட்டிக்கிட்டு போனீங்க, பாட்டில்லயா கவர்லயா?